தொட்டால் புள்ளியா, அடித்தால்தான் சண்டையா?

கேள்வி: 9 ஆகஸ்ட் 2024

டோக்கியோ ஒலிம்பிக்கின் கராத்தே ஃபைனலை இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். சவுதியின் தாரெக் ஹமிதி தலைக்கு ஒரே உதை விடுகிறார். இரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே விழுந்து ஸ்ட்ரெச்சரில் போகிறார். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கு! இதைச் சண்டைக்கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பாரிஸில் கராத்தேயைத் தூக்கியது ரொம்பச் சரி. ஃபுல் கான்டாக்ட், அதாவது நிஜமாகவே பலமாக அடிப்பது, இல்லாத எதுவும் டான்ஸ்தான். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. பலமாக அடித்து ஆடும் கராத்தேயான கியோகுஷினிலோ, தாய்லாந்துச் சண்டைக்கலையான முவாய் தாயிலோ சேர்க்கலாம் என்றிருக்கிறேன். தொட்டு விளையாடும் கிளாஸுக்கு ஃபீஸ் கட்ட மனசில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 9 ஆகஸ்ட் 2024, இரவு

தீர்ப்பு விதிப்படி சரி. உலகக் கராத்தே கூட்டமைப்பின் குமிதேயில், அதாவது இருவர் மோதும் ஆட்டத்தில், குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. ஆனால் தலைக்குப் போகிற எதுவும் தோலைத் தொட்ட அளவில் நிற்க வேண்டும். ஹமிதி 4-1 என்று முன்னால் இருந்தார். அந்த உதையைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் தங்கம் அவருக்குத்தான். அளவு மீறிய அடி என்று தகுதிநீக்கம் செய்தார்கள், வெள்ளி கிடைத்தது. கஞ்ஜாதேவுக்கு மருத்துவ அறையில் கண் விழித்த பிறகுதான் தான் ஜெயித்த சேதியே தெரியும். பார்க்க நன்றாக இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டான்ஸ் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம்.

நான் அந்த 'தொட்டு விளையாடும்' கராத்தேயில் வளர்ந்தவன். பள்ளி மைதானத்தில் சாயங்காலம் கிளாஸ், மழை வந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் கட்டா, அதாவது முன்கூட்டி வகுத்த அசைவுகளை வரிசையாகச் செய்வது. வேலைக்குச் சென்னை வந்தபின் வடசென்னையில் ஒரு பாக்ஸிங் கூடத்தில் சேர்ந்தேன். முதல் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை), எதிரில் என்னைவிட எடை குறைந்த சின்னப் பையன். முதல் நிமிடம் அவனால் என்னை நெருங்கவே முடியவில்லை. அவன் தோள் அசையும்போதே நான் எட்டாத தூரத்தில் இருந்தேன். பாயின்ட் ஃபைட் கொடுப்பது இதைத்தான். தூரம், நேரம், எதிராளி கிளம்பும் கணத்தைப் பிடிக்கும் கண். வேறு எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு கூர்மையாக அது வருமா என்று சந்தேகமே.

இரண்டாவது நிமிடம் என் நேர்க்குத்து சுத்தமாக அவன் மூக்கில் பட்டது. பட்டதும் நான் நின்றுவிட்டேன். நடுவர் 'யாமே' (நிறுத்து) சொல்ல உடம்பு காத்திருக்கிறது! அந்த அரை நொடியில் அவன் மூன்று குத்து விட்டான். கயிற்றில் சாய்ந்திருந்த கோச், "தொட்டுட்டு ஏன் தம்பி நிக்கிற, தபால் ஸ்டாம்ப் ஒட்டிட்டு வந்தியா?" என்றார். கூடமே சிரித்தது.

அதனால் என் பதில்: டான்ஸ் இல்லை, பாதிப் பாடம். மீதிப் பாதி வேறிடத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் முழுப்பாடம் என்று நினைக்கிற கியோகுஷினும் பாதிதான். நாளை எழுதுகிறேன்.

10 ஆகஸ்ட் 2024

கியோகுஷின். ஒயாமா மசுதாட்சு, கொரியாவில் பிறந்தவர், ஜப்பானில் வளர்த்தெடுத்த கராத்தே. தொட்டு நிறுத்துவது பிடிக்காமல் அடித்துச் சாய்க்கும் விதிக்குப் போனார்கள். 1969-ல் முதல் அகில ஜப்பான் ஓபன் போட்டி, 1975-ல் முதல் உலகப் போட்டி. கிளவுஸ் கிடையாது. வெறும் முஷ்டி.

வெறும் முஷ்டி என்பதாலேயே ஆட்டத்திலிருந்து ஒன்றை எடுத்தாக வேண்டும், அதை எடுத்தார்கள்: தலைக்குக் கையால் குத்தக் கூடாது. காலால் தலையை உதைக்கலாம். கையால் மார்பு, வயிறு, விலா. இதில் காரணம் எளிது. வெறுங்கையால் மண்டையில் முழு வேகத்தில் குத்தினால் பல் போவது ஒருவருக்கு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு போவது இன்னொருவருக்கு. ஒரே நாளில் பல சுற்று ஆட வேண்டிய போட்டி நடக்காது.

விளைவைக் கவனியுங்கள். முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்ததும் இருவரும் நெருங்கிவிடுகிறார்கள். மார்போடு மார்பு ஒட்டி நின்று உடம்பைக் குத்துகிறார்கள், தொடையில் உதைக்கிறார்கள். கை இறங்கிவிடுகிறது. முகத்துக்குக் குத்து வரும் விளையாட்டில் அந்தத் தூரத்தில் அப்படி நின்றால் கதை முடிந்தது. ஆண்டி ஹக் 1987 கியோகுஷின் உலகப் போட்டியின் ஃபைனல் வரை போனவர். பிறகு கிளவுஸ் போட்டு கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டி ஆட வந்தபோது ஆரம்பத்தில் நாக்-அவுட் தோல்விகள் வாங்கினார். முகம் காக்கப் படித்துக்கொண்டு 1996-ல் அதே கே-1-இல் சாம்பியனும் ஆனார். ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை, அவருக்கே தனியாகப் படிக்க வேண்டியிருந்தது.

ஆக, எல்லா ஸ்டைலும் எதையோ எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பலமாகச் செய்கிறது. பாயின்ட் கராத்தே பலத்தை எடுத்தது, வேகத்தை முழுசாக வைத்துக்கொண்டது. கியோகுஷின் முகத்துக் குத்தை எடுத்தது, பலத்தை வைத்துக்கொண்டது. பாக்ஸிங் காலையும் பிடியையும் எடுத்தது. 'எது ஒரிஜினல் சண்டை' என்று கேட்டால் பதில் கிடைக்காது. எதை எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், அந்தக் கிளாஸில் பையனுக்கு என்ன வரும், என்ன வராது என்பது உடனே தெரிந்துவிடும்.

10 ஆகஸ்ட் 2024, கொஞ்சம் கழித்து

கியோகுஷினைக் குறைத்துச் சொன்னதாக ஒருவர் கோபித்திருக்கிறார். ஐயா, நான் அங்கே அடி வாங்கியவன். சில மாதம் ஒரு கியோகுஷின் கிளாஸுக்குப் போனேன். தொடையில் வாங்கிய உதைக்கு மறுநாள் பஸ் படி ஏற முடியாமல் கையால் காலைத் தூக்கி வைத்தேன். கண்டக்டர், "என்ன சார், ஆக்சிடென்ட்டா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் இன்னும் கேவலம்.

ஈரலில் வாங்குவது அதைவிட விசேஷம். வலது விலாவின் கீழ் ஓரம். பட்ட கணத்தில் ஒன்றுமே இருக்காது. 'பரவாயில்லையே' என்று கையைத் தூக்குவோம். அதற்கப்புறம் கால் தானாக மடியும். மூச்சு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. புத்தி தெளிவாக இருந்துகொண்டு எழுந்திரு என்கும், உடம்பு அதைச் சட்டை பண்ணாது. இந்தப் பாடத்தைத் தொட்டு விளையாடும் கிளாஸில் யாரும் சொல்லித்தர முடியாது. அந்த வகையில் முதல் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2024

ஆண்டுவிழாவில் வயிற்றின் மேல் பைக் ஏற்றுவது, மண்டையில் ட்யூப்லைட் உடைப்பது, ஓட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி உடைப்பது, இதெல்லாம் ஃபுல் கான்டாக்ட்டில் சேருமா என்று மதுரை நண்பர் கேட்கிறார். சேரும். கூரை ஓடும் ட்யூப்லைட்டும் திருப்பி அடிக்காத வரை சேரும்.

12 ஆகஸ்ட் 2024

முவாய் தாய்க்கு வருகிறேன். இதில்தான் பலருக்கும் நினைப்பு தலைகீழாக இருக்கிறது. தாய்லாந்து என்றாலே தினமும் ரத்தம் வரச் சண்டை போட்டுப் பழகுவார்கள் என்று. உண்மையில் அங்குள்ள முகாம்களில் ஸ்பாரிங் பெரும்பாலும் மெதுவானது. முழங்காலுக்குக் கீழே பேட், சிரித்துக்கொண்டே உதைப்பார்கள், தட்டிவிட்டு விலகுவார்கள், சமநிலையைக் கெடுத்து விழத்தட்டுவார்கள். முழங்கை யாரும் போடுவதில்லை. கடுமை எல்லாம் பயிற்சியாளர் பிடிக்கும் பேடிலும் தொங்கும் பையிலும் கிளின்ச்சிலும் இருக்கிறது. கழுத்தைப் பிடித்து இழுத்து முழங்கால் வைக்கும் கிளின்ச் மட்டும் நிறுத்தாமல் அரைமணி, சில இடங்களில் அதற்கும் மேல். அதை ஒருமுறை செய்து பார்த்தால் அடுத்த நாள் தலைவாரக் கை தூக்க முடியாது.

காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை, வயிற்றுப்பாடு. அங்கே தொழில்முறை வீரன் மாதம் ஒரு சண்டை, சில சமயம் அதற்கும் அதிகம் ஆடுகிறான். சின்ன வயதிலேயே ஆரம்பித்தவன். பாங்காக்கின் பெரிய அரங்குகளான ராஜதம்னெர்னிலும் லும்பினியிலும் ஆடுகிறவனுக்குச் சண்டை அனுபவத்துக்கு என்ன குறை? பயிற்சியில் அடிபட்டால் சண்டை ரத்தாகும், அவனுக்கும் முகாமுக்கும் வருமானம் போச்சு. அதனால் யாரும் யாரையும் உடைப்பதில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் இதற்கு நேர் எதிர். அங்கே கிளவுஸ் மாட்டி ஸ்பாரிங்கே சண்டை மாதிரி நடக்கும். இதன் வேர் வேடிக்கையானது. 1964-ல் ஒயாமாவின் டோஜோவிலிருந்து (பயிற்சிக்கூடம்) மூன்று பேர் பாங்காக் போய்த் தாய் வீரர்களோடு மோதினார்கள். இரண்டு பேர் ஜெயித்தார்கள், குரோசாகி கெஞ்சி தோற்றார். தோற்றவர்தான் அதிகம் கற்றுக்கொண்டார் போல. டோக்கியோவில் மெஜிரோ ஜிம் தொடங்கி கராத்தேயையும் தாய் முறையையும் பாக்ஸிங்கையும் கலந்து பழக்கினார். அவரிடம் படித்த யான் பிளாஸ் 1978-ல் ஆம்ஸ்டர்டாமில் அதே பெயரில் ஜிம் ஆரம்பித்தார். டச்சு கிக்பாக்ஸிங் அங்கிருந்து கிளம்பியது. ரமோன் டெக்கர்ஸ் மாதிரி ஆட்கள் வந்தார்கள். குத்து, குத்து, குத்து, கடைசியில் தொடையில் ஒரு உதை. தாய்லாந்து ரசிகர்களே டெக்கர்ஸுக்கு அடிமையானார்கள்.

ஆகவே நீங்கள் 'முவாய் தாய் கிளாஸ்' என்று போர்டு பார்த்துச் சேர்த்தால், உள்ளே இருப்பது தாய் முறையா, டச்சு முறையா, யூடியூப் முறையா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

13 ஆகஸ்ட் 2024

கோயம்புத்தூர் நண்பரின் எதிர்ப்பு நல்ல எதிர்ப்பு: "தாய்லாந்தில் மெதுவாகப் பழகலாம், அவர்களுக்கு மாதம் ஒரு சண்டை இருக்கிறது. நம்ம ஊர் பையனுக்கு வருடத்துக்கு ஒரு போட்டி. அவனும் மெதுவாகப் பழகினால் நிஜ அழுத்தம் எப்போதுதான் தெரியும்?"

இதற்கு என் பதில் ஜூடோவிலிருந்து வருகிறது. கல்லூரியில் கொஞ்ச காலம் ஜூடோ பழகினேன். பெரிசாக ஒன்றும் வரவில்லை, விழக் கற்றுக்கொண்டேன். பைக்கிலிருந்து விழுந்தபோது அது உதவியது, தனிக்கதை.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில் கொடோகன் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது செய்தது இதுதான். பழைய ஜுஜுட்ஸு பள்ளிகளில் கண்ணைக் குத்துவது, மர்ம இடங்களில் அடிப்பது எல்லாம் உண்டு. அதையெல்லாம் நிஜமாகச் செய்து பழக முடியாது, ஒருமுறை செய்தால் பார்ட்னர் காலி. அதனால் கட்டாவில் மட்டும்தான் பழகினார்கள், எதிரில் நிற்பவன் சொன்னபடி நிற்பான். கானோ அடிகளையும் ஆபத்தான பூட்டுகளையும் கட்டாவில் நிறுத்திவிட்டு, எறிவது, அமுக்குவது போன்றவற்றை மட்டும் ரண்டோரி என்ற பெயரில் முழு பலத்தோடு பழக விட்டார். எதிராளி தன் சக்தியெல்லாம் போட்டு மறுப்பான். அவனை மீறித்தான் எறிய வேண்டும். வகுப்பு முடிந்து இருவரும் நடந்து வீட்டுக்குப் போவார்கள், நாளைக்கும் வருவார்கள்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். எதிராளி எவ்வளவு மறுக்கிறான் என்பது ஒன்று. அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பது வேறொன்று. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். அடி லேசாக இருக்கலாம், மறுப்பு முழுசாக இருக்கலாம். பாக்ஸிங் கூடத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த ரவுண்டுகள் இப்படிப்பட்டவை: பலம் கால்வாசி, ஆனால் அவன் என்னை நிஜமாகவே தொட விடமாட்டான். தலை, தோள், கால் எல்லாம் நிஜம். கை மட்டும் பட்டதும் தளரும். ஒன்பது நிமிடம் முடிந்தால் பனியன் பிழிந்தால் சொட்டும். இதை அழுத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒரு ரவுண்டு வந்து பார்க்கட்டும்.

ஜப்பான் வாள் பயிற்சியும் இதே வழியில் போனது. மரவாளால் கட்டா மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள், 18-ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் முகமூடியும் கைக்கவசமும் வந்த பிறகு நிஜமாக ஒருவரை ஒருவர் அடித்துப் பழக முடிந்தது. கெண்டோ அதன் பிள்ளை.

சிலம்பக்காரர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.

14 ஆகஸ்ட் 2024

கேட்டுவிட்டார்கள். சிலம்பத்தில் ஒருவராகக் கம்பு வீசிக் காட்டும் தனித்திறமையும் இருக்கிறது, தொட்டால் புள்ளி எடுக்கும் போட்டியும் இருக்கிறது. கம்பை வீசிக் காட்டுவதில் நம் பிள்ளைகள் அசத்துகிறார்கள், கண்ணுக்குக் கம்பே தெரிவதில்லை. ஆனால் நான் பார்த்த பல வகுப்புகளில் வீச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்பங்குகூட எதிரில் ஆள் நிற்கும் பயிற்சிக்கு இல்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தபின் சான்றிதழுக்கு ஓடி வரும் கூட்டமும் கூடிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள், சந்தோஷம். தலைக்கவசம் மாட்டிவிட்டு எதிரெதிரே நிறுத்தி மோதவிடும் ஆசான்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் படித்த பையன் கம்பைச் சுற்றுவது கொஞ்சம் அழகு குறைவாக இருக்கும். ஆனால் அவன் எதிரில் நிற்க எனக்குப் பயம்.

16 ஆகஸ்ட் 2024

ஜூடோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ ஜூடோதான் பாதுகாப்பு, பையனை அங்கேயே தள்ளுங்கள்" என்று நாலைந்து பேர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். நில்லுங்கள். அந்தக் கதைக்கு மறுபக்கம் இருக்கிறது, கொடூரமான மறுபக்கம்.

ஜப்பான் பள்ளிகளில் 1983-லிருந்து சுமார் முப்பது ஆண்டுகளில் ஜூடோ பயிற்சியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஜூடோ பிறந்த நாட்டில்! குத்து இல்லை, உதை இல்லை. பெரும்பாலும் தலைக்குள் ரத்தக்கசிவு. பலர் புதிதாகச் சேர்ந்த முதல் வருடப் பிள்ளைகள். விழக்கூடச் சரியாகத் தெரியாதவனை, தடித்த சீனியர் பின்பக்கமாகச் சாய்த்து எறிகிறான். பின்மண்டை பாயில் மோதுகிறது. நேராக மோதாவிட்டாலும் தலை வேகமாகச் சுழன்று நிற்பதே மூளைக்குப் போதும். தலை வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டித் திரும்பவும் பாயில் இறக்கிய பயிற்சியாளர்களும் இருந்தார்கள். பெற்றோர்கள் சங்கம் வைத்துப் போராடிய பிறகுதான் விஷயம் வெளியே பேசப்பட்டது. இத்தனைக்கும் ஜப்பானைவிட அதிகம் பேர் ஜூடோ பழகும் பிரான்சில் இந்த மாதிரிச் சாவுகள் கேள்விப்படவில்லை. கலை ஒன்று, பாய் ஒன்று, எறிதல் ஒன்று. வித்தியாசம் பழக்குகிறவரிடம்.

2022-ல் அகில ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியையே நிறுத்தியது. ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளை வதைக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

13-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். எதிராளி மறுப்பது நல்லது. ஆனால் அந்த எதிராளி யார், அவனை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், நிறுத்து என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது, இதெல்லாம் தெரியாமல் கான்டாக்ட் லேசா பலமா என்று பேசிப் புண்ணியமில்லை.

18 ஆகஸ்ட் 2024

ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டால் போதாதா என்று ஒரு கேள்வி. போதாது. ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும், மண்டை மோதிக்கொண்டால் காக்கும். ஆனால் தாடையில் ஒரு ஹூக் (பக்கவாட்டுக் குத்து) பட்டால் தலை திரும்புகிறது, தலைக்குள் மூளை திரும்புகிறது. அதை ஒரு இன்ச் ரெக்ஸின் தடுக்காது. தலையை இன்னும் பெரிசாக்கிக் குத்து விழ இடம் கொடுக்கும், பக்கப் பார்வையையும் மறைக்கும். 1984-லிருந்து ஒலிம்பிக் பாக்ஸிங்கில் இருந்த ஹெட்கார்டை 2013-ல் ஆண்கள் பிரிவில் எடுத்துவிட்டார்கள். ரியோவில் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். எடுத்தது சரியா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. புருவங்கள் நிறையவே கிழிந்தன.

ஸ்பாரிங்கில் நான் இப்போதும் போடுகிறேன். புருவம் கிழிந்து ஆபீஸ் போனால் ஹெச்.ஆர். கூப்பிட்டு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்கிறார்கள்.

குத்துப்பட்டுக் குத்துப்பட்டு நடை தள்ளாடி நாக்குக் குழறும் பாக்ஸர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். நாக்-அவுட் ஆனவனுக்கு மட்டும் வருவதில்லை. எண்ணிக்கையில் சேரும் சின்னச் சின்ன அடிகளும் கணக்கில் வருகின்றன. அதில் பெரும்பகுதி விழுவது போட்டியில் இல்லை, பயிற்சியில். போட்டி வருடத்துக்குச் சில ரவுண்டு. ஸ்பாரிங் வாரத்துக்குச் சில ரவுண்டு. பெருக்கிப் பாருங்கள்.

நான் போன இன்னொரு ஜிம் ஒன்று, பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் 'வார்' (யுத்தம்). புதுசாக வந்த கல்லூரிப் பையனை, மாவட்டப் போட்டி ஆடுகிறவனோடு இறக்கினார்கள். ரவுண்டு முடிந்ததும் பையன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்கிறான், கட்டுகிறான், திரும்ப அவிழ்க்கிறான். இன்னிக்கு என்ன கிழமை என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். மாஸ்டர், "புதுசுல அப்படித்தான், பழகிடும்" என்று அடுத்த ரவுண்டுக்கு மணி அடித்தார். நான் பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஜிம்முக்கு நாங்கள் இருவருமே திரும்பப் போகவில்லை. போட்டி பாக்ஸிங்கில்கூடத் தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கே கூடாது என்று விதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாருக்கு எந்த விதியும் இல்லை.

18 ஆகஸ்ட் 2024, இரவு

"டாப் ஃபைட்டர்கள் எல்லாம் இப்படித்தான் உருவாகிறார்கள்" என்று உடனே பதில் வந்திருக்கிறது. யூ.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் ஆடும் மேக்ஸ் ஹாலோவேயைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அபுதாபியில் கால்வின் கேட்டருக்கு எதிரான சண்டைக்கு ஸ்பாரிங் செய்யாமல் தயாரானதாக அவரே சொன்னார். ஐந்து ரவுண்டில் 445 முக்கிய அடிகள், யூ.எஃப்.சி. சாதனை. நடுவில் கமென்ட்டேட்டர்களிடம் பேசிக்கொண்டே குத்தைத் தவிர்த்தார்!

ஆனால் இதை எடுத்துக்கொண்டு ஸ்பாரிங்கே வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்கு முன் அவர் சண்டையிலும் பயிற்சியிலும் வாங்கிய ரவுண்டுகள் அவர் உடம்பில் இருந்தன. நேற்றுச் சேர்ந்தவனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

21 ஆகஸ்ட் 2024

கொரிய உதைக்கலையான டேக்வாண்டோவை ஏன் தொடவில்லை என்று கேட்கிறார்கள். சுருக்கமாக: லண்டன் 2012-ல் உடம்புக் கவசத்தில் சென்சார், ரியோ 2016-ல் தலைக்கவசத்திலும். நடுவரின் கண்ணுக்குப் பதில் கருவி எண்ணுகிறது. அப்புறம் என்ன, வீரர்கள் கருவிக்குப் பிடித்தமாதிரி ஆடத் தொடங்கினார்கள். முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒற்றைக்காலில் குதித்துக் குதித்துக் கவசத்தைத் தொடுவது. பழைய சுழல் உதைகள் குறைந்தன என்று பழையவர்கள் புலம்புகிறார்கள். எனக்கும் பழையதுதான் பிடிக்கும். இருந்தாலும் அந்த ஒற்றைக்கால் பையன்களின் இடுப்பு பலத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

25 ஆகஸ்ட் 2024

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். இரண்டு கிளாஸைப் போய்ப் பார்த்தாராம். ஒன்று முவாய் தாய், புத்தம் புது மேட், சுவரெல்லாம் போஸ்டர், பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக ஸ்பாரிங், 'வலி தாங்கினால்தான் வீரன்' என்று பேச்சு. இன்னொன்று சாதாரணக் கராத்தே கிளாஸ், கல்யாண மண்டப மாடியில். அங்கே மாஸ்டர் பிள்ளைகளை எடை பார்த்து ஜோடி சேர்த்தார், ஒரு பையன் கொஞ்சம் பலமாகக் குத்தியதும் நிறுத்தி அவனையே அம்பயராக நிற்கவைத்தார். "ஆனால் அது தொட்டு விளையாடும் கிளாஸ் ஆச்சே" என்று இவருக்கு மனசு இல்லை.

என் ஓட்டு மண்டப மாடிக்கு, கண்ணை மூடிக்கொண்டு. பன்னிரண்டு வயதில் முகத்தில் பலமாக வாங்க வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. இப்போது அவனுக்குத் தூரம் பிடிபடட்டும், விழ வரட்டும், ஜோடிப் பையனை நம்ப வரட்டும். உடம்பில் அடி வாங்கும் பழக்கம் பதினைந்து, பதினாறில் ஆரம்பித்தால் தாமதம் ஒன்றும் இல்லை. அப்போது அவனே கேட்பான், கியோகுஷினோ பாக்ஸிங்கோ கூட்டிப் போங்கள். கூடவே வாரத்தில் ஒருநாள் ஜூடோ கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், விழக் கற்றுக்கொடுக்காமல் எறியத் தொடங்காத மாஸ்டராகப் பார்த்து.

ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். கிளாஸில் மூத்த பையன்களைப் பாருங்கள். நாலைந்து வருடம் பழகியவர்கள் இருக்கிறார்களா, இல்லை எல்லோரும் ஆறு மாத ஆட்களா? பலமான ஜிம் என்று பெயர் வாங்கிய பல இடங்களில் பழைய ஆட்களே இருக்கமாட்டார்கள். முட்டி போனவன், தோள் போனவன், தலைவலி வந்தவன் எல்லாம் வெளியேறியிருப்பான். மிச்சம் இருக்கிற இரண்டு பேரைக் காட்டி 'பார், எங்கள் முறை' என்பார்கள்.

பெல்ட் டெஸ்ட் ஃபீஸையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மண்டப மாடி மாஸ்டரும் மனுஷன்தானே.

26 ஆகஸ்ட் 2024

கோயம்புத்தூர் நண்பர் விடவில்லை: "பதினாறு வயதில் முதல்முறை பலமாக வாங்குகிறவன் பயந்து ஓடமாட்டானா?" சிலர் ஓடுவார்கள். எட்டு வயதில் வாங்கியவர்களிலும் சிலர் ஓடினார்கள், அவர்களை யாரும் எண்ணுவதில்லை. பயத்தை நான் படிப்படியாகத்தான் கடந்தேன்: முதலில் உடம்புக்கு மட்டும் குத்து, அப்புறம் ஒருவன் அடிக்க மற்றவன் தடுக்க மட்டும், அப்புறம் இடதுகை மட்டும் இருவரும், கடைசியில் திறந்த ரவுண்டு. அந்தக் கோச் எனக்கு முழுப் பலத்தில் ரவுண்டு கொடுத்தது போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகுதான், அதுவும் 16 அவுன்ஸ் கிளவுஸில், அவரே கயிற்றுக்குள் நின்றுகொண்டு. போட்டியில் தோற்றேன், அது வேறு. பயந்து தோற்கவில்லை, எதிராளி நன்றாக ஆடினான்.

2 செப்டம்பர் 2024

மவுத்கார்டு (பல்லில் மாட்டும் உறை) எது வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்வது உயர்வு, விலையும் உயர்வு. வளரும் பிள்ளைக்குப் பல் மாறிக்கொண்டே இருக்கும், கொதிநீரில் போட்டுக் கடித்துப் படியவைக்கிற சாதாரண ரகமே போதும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள், சுருண்டுவிடும். எடுத்து ஒரு நொடி பச்சைத்தண்ணீரில் காட்டிவிட்டு வாயில் வையுங்கள், நன்றாகக் கடிக்கச் சொல்லி, வெளியிலிருந்து விரலால் உதட்டோடு சேர்த்து அமுக்குங்கள், அவனை உறிஞ்சச் சொல்லுங்கள். வாய் திறந்தால் கீழே விழாமல் மேல்பல்லில் நிற்க வேண்டும். விழுந்தால் திரும்பக் கொதிக்கவையுங்கள். பல்லைக் காக்கும், உதட்டைக் காக்கும். மூளையைக் காக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

பிள்ளை பெயரை டப்பாவில் எழுதிவிடுங்கள். எங்கள் கூடத்தில் ஒருமுறை மாறிப்போய், அந்த வாரம் முழுக்க யார் வாயில் யாருடையது என்று பஞ்சாயத்து நடந்தது.